ஸ்கூபா டைவிங்: குழுத் தலைவரின் பொறுப்புகள் என்னென்ன?

அந்தமானின் ஸ்வராஜ் தீவு, லட்சத்தீவு, கர்நாடகத்தின் நேத்ராணி உள்ளிட்ட இடங்களில் ஸ்கூபா டைவிங் பயிற்சி பெற்றவர்கள் பெரும்பாலும் குழுவாகவே கடலில் இறங்குகின்றனர். நீருக்கடியில் பேச இயலாது. நினைத்தவுடன் விரைந்து மேலே வரவும் கூடாது. எனவே, குழுவை அழைத்துச் செல்லும் 'டைவ் லீடர்' எடுக்கும் முடிவுகள் முக்கியத்துவம் பெறுகின்றன.

யார் இவர்?

டைவ் லீடருக்கான பயிற்சித் தகுதிகளை ஐஎஸ்ஓ 24801-3 என்ற சர்வதேசத் தரநிலை வரையறுக்கிறது. பல பயிற்சி அமைப்புகள் இவரை 'டைவ் மாஸ்டர்' என்று அழைக்கின்றன. சான்று பெற்றவர்களை வழிநடத்துவதே இவரது முதன்மைப் பணி; புதியவர்களுக்குப் பயிற்சி அளிப்பது பயிற்றுநரின் பணி.

இறங்குவதற்கு முன்

ஒவ்வொருவரின் சான்றிதழ், உடல்நிலை, கடைசியாகக் கடலில் இறங்கிய காலம் ஆகியவற்றை அவர் கேட்டறிய வேண்டும். அடிப்படைச் சான்று பெற்றவர் பொதுவாக 18 மீட்டர் வரையிலும், அடுத்த நிலைச் சான்று பெற்றவர் 30 மீட்டர் வரையிலும் செல்லலாம். குழுவில் ஒருவர் அடிப்படைச் சான்று மட்டுமே பெற்றிருந்தால், அனைவருக்கும் 18 மீட்டரே எல்லை.

இருவர் இருவராக இணை சேர்த்து, ஆழம், நேரம், சைகைகள் ஆகியவற்றை விளக்குவதும் அவரது கடமை. கட்டைவிரலை உயர்த்தினால் 'நன்று' என்பது பொருளல்ல. 'மேலே செல்வோம்' என்பதே பொருள். இணையைத் தவறவிட்டவர் ஒரு நிமிடம் தேடிவிட்டு, மெதுவாக நீர்மட்டத்துக்கு வர வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் நடைமுறை.

நீருக்கடியில்

சிலிண்டரில் பொதுவாக 200 பார் அழுத்தத்தில் காற்று நிரப்பப்படும். சுமார் 50 பார் எஞ்சியிருக்கும்போதே மேலே வந்துவிட வேண்டும். ஆகவே, காற்றை வேகமாகச் செலவிடுபவரைப் பொறுத்தே குழுவின் நேரம் அமையும்.

10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நீர்மட்டத்தில் இருப்பதைப் போல் இரு மடங்கு. அங்கிருந்து மூச்சை அடக்கியபடி மேலேறினால் விரிவடையும் காற்று நுரையீரலைக் கிழித்துவிடக் கூடும். பதற்றமடைந்தவரை நிதானப்படுத்தி, சீராக மூச்சுவிடச் செய்து, 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடங்கள் நிறுத்தி அழைத்து வருவது தலைவரின் பொறுப்பு.

கரையேறிய பின்

படகு புறப்படும் முன் அனைவரும் ஏறிவிட்டதை எண்ணி உறுதி செய்ய வேண்டும். மூட்டுவலி, மரத்துப்போதல், தலைசுற்றல் இருப்பவருக்கு உடனே ஆக்சிஜன் அளித்து, மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். ஒருமுறை இறங்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை இறங்கியவர் 18 மணி நேரமும் விமானத்தில் பயணிக்கக் கூடாது என்பதையும் நினைவூட்ட வேண்டும்.

எனினும், சொந்தக் காற்று அளவைக் கவனிப்பதும் இணையை விட்டு விலகாதிருப்பதும் ஒவ்வொருவரின் கடமை. அச்சமோ உடல் அசௌகரியமோ தோன்றினால் எந்நேரமும் பயணத்தைக் கைவிடலாம். கடல் சாதகமாக இல்லாதபோது, கட்டணம் செலுத்தப்பட்டிருந்தாலும், பயணத்தை ரத்து செய்வதே நல்ல தலைவருக்கு அழகு.