தந்தி முதல் திறன்பேசி வரை: புதுக்கருவிகளைப் பற்றிப் பொதுமக்கள் பேசிய தமிழ்

முன்னுரை

மொழி வரலாறு எழுதுவோர் புலவர், இலக்கணம், ஏடு, அச்சு என்னும் வரிசையிலேயே பெரும்பாலும் செல்வர். நாமும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவ்வழியே சென்றவர்தாம். இன்று சற்றே விலகி, வேறொரு வினாவை எழுப்ப விரும்புகிறோம். ஒரு புதிய கருவி ஊருக்குள் வந்தபோது, புலவரல்லாத பொதுமக்கள் அதைப் பற்றி எத்தமிழில் கருத்துரைத்தனர்? அக்கருத்துகள் எங்கே போயின?

காப்பிக்கடையில் நாள்தோறும் கேட்கும் ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். 'இந்தப் போன் வந்த பிறகு பிள்ளைங்க முகத்தைப் பார்த்தே பேசுறதில்ல.' இது தொழில்நுட்பம் பற்றிய கருத்தா, சமுதாயம் பற்றிய கருத்தா? இரண்டுமே. பொதுமக்கள் கருவியை அதன் உறுப்புகளால் மதிப்பிடுவதில்லை. அது வீட்டில் யாரை யாரோடு சேர்த்தது, யாரை யாரிடமிருந்து பிரித்தது என்பதைக் கொண்டே மதிப்பிடுகின்றனர். 'வந்த' என்னும் சொல்லையும் நோக்குக. ரயில் வந்தது, ரேடியோ வந்தது, டிவி வந்தது, போன் வந்தது என்றே தமிழர் சொல்கின்றனர். 'கண்டுபிடிக்கப்பட்டது' என்பது பாடநூலின் தொடர். மக்கள் வழக்கில் ஒவ்வொரு கருவியும் வெளியூரிலிருந்து வந்து சேர்ந்த விருந்தாளி. அவ்விருந்தாளி தங்கிய பின் வீடு எவ்வாறு மாறியது என்பதே அவர்களது பேச்சுப்பொருள்.

அச்சில் ஏறியதும் ஏறாததும்

இவ்வட்டாரத்தில் தமிழ் இதழியல் மிக முன்னரே தொடங்கிவிட்டது. சிங்கப்பூரில் 'சிங்கை நேசன்' 1887ஆம் ஆண்டு வெளிவரத் தொடங்கியது. அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே, 1871இல், சென்னையிலிருந்து பினாங்கு வழியாகக் கடலடித் தந்திக் கம்பி சிங்கப்பூரை எட்டியிருந்தது. கப்பல் சுமந்து வந்த செய்தியைக் கம்பி சுமக்கத் தொடங்கிய காலம் அது. பின்னர் கோலாலம்பூரில் 1924இல் 'தமிழ் நேசன்' தோன்றியது. சிங்கப்பூரில் 1935இல் கோ. சாரங்கபாணி 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கினார். வாசகர் கடிதங்களும், 1950களில் தமிழ் முரசு மாணவர்க்காக நடத்திய மாணவர் மணிமன்றமும் எளிய மக்களுக்கும் இளையர்க்கும் எழுத இடம் அளித்தன.

ஆயினும் அச்சேறுவதற்கு ஒரு வாயில் இருந்தது. வாயிலில் ஆசிரியர் நின்றார். பேச்சு வழக்கில் எழுதி அனுப்பிய கடிதம் எழுத்து வழக்காக மாற்றப்பட்ட பின்னரே வெளிவரும். இது குறையன்று, அக்காலத்தின் நெறி. ஆனால் மொழி ஆராய்ச்சியாளர்க்கு அதனால் ஓர் இழப்பு ஏற்பட்டது. 1963ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூரிலும் அதே ஆண்டு டிசம்பரில் மலேசியாவிலும் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது. அண்டை வீட்டுத் திண்ணையில் கூடி அப்பெட்டியைப் பார்த்த மக்கள் என்ன பேசினர் என்பது அவர்களது சொற்களிலேயே நமக்குக் கிட்டவில்லை. திருத்தப்பட்ட வடிவமே எஞ்சியது.

வினைச்சொற்கள் காட்டும் வரலாறு

கருத்துகள் மறைந்தாலும் அவற்றின் தடம் மொழியில் தங்கியுள்ளது. 'தந்தி' என்னும் சொல் முன்னரே நம்மிடம் இருந்தது. வீணையின் நரம்பையும் கம்பியையும் அது குறித்தது. கம்பி வழியே செய்தி வந்தபோது அச்சொல்லே செய்தியின் பெயராயிற்று. எந்தக் குழுவும் கூடி அதனை முடிவு செய்யவில்லை. சிற்றூர்களில் தந்தி பெரும்பாலும் சாவுச் செய்தியையே சுமந்து வந்தது. எனவே தந்திச் சேவகரைக் கண்டவுடனேயே, உறையைப் பிரிக்குமுன், அழுகை தொடங்குவதுண்டு. இந்தியாவில் 2013ஆம் ஆண்டு ஜூலையில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டது. கருவி போய்விட்டது, 'தந்தி மாதிரி பேசுறான்' என்றால் சுருக்கமாகப் பேசுபவன் எனப் பொருள்கொள்ளும் முதியோர் இன்னும் உள்ளனர்.

பெயர்ச்சொற்களைவிட வினைச்சொற்களே நமக்கு மிகுதியாகக் கற்பிக்கின்றன. தந்தியை 'அடித்தோம்' அல்லது 'கொடுத்தோம்'. தட்டச்சையும் 'அடித்தோம்'. விளக்கையும் டிவியையும் 'போட்டோம்'. போனையும் 'போட்டோம்' அல்லது 'அடித்தோம்'. படத்தைப் 'பிடித்தோம்'. இவ்வினைகள் யாவும் கையின் தொழிலைக் குறிப்பன. தட்டுதல், இடுதல், பற்றுதல் ஆகிய உடலசைவுகளைக் கண்டு மக்கள் வினையைத் தேர்ந்தனர். கணினிக் காலத்துக்குப் பின் வந்தவற்றை நோக்குக: 'டவுன்லோட் பண்ணு', 'ஸ்கேன் பண்ணு', 'ஃபார்வர்ட் பண்ணு'. இங்கே ஆங்கிலச் சொல்லே வினையின் பொருளைத் தருகிறது; 'பண்ணு' காலத்தையும் இடத்தையும் காட்டும் துணைவினையாக மட்டும் நிற்கிறது.

இதனைக் கண்டு மொழி அழிகிறது என்று சிலர் வருந்துவர். நாம் அவ்வளவு விரைந்து முடிவு கட்டுவதில்லை. கையசைவு மாறுபட்டவரை வினை மாறுபட்டது. எல்லாச் செயலும் ஒரே திரையில் ஒரே விரலால் நிகழும்போது வினையும் ஒன்றாகிவிட்டது. மேலும், தேவை நேரிட்டால் மக்கள் நல்ல தமிழ்ச்சொல்லையும் தயங்காது ஏற்பர். கொவிட்-19 பரவிய காலத்தில் 'முகக்கவசம்' என்னும் சொல் சில திங்களுக்குள் செய்தியறையிலிருந்து வீட்டுப் பேச்சுக்கு வந்தது. அச்சொல் ஒவ்வொரு நாளும் காதில் விழுந்தது. அதற்குரிய பொருளும் முகத்திலேயே இருந்தது. கலைச்சொல் பரவுவதற்கு இவ்விரண்டும் வேண்டும்.

எழுத்துருக் குழப்பமும் நம் வட்டாரத்தின் பங்கும்

அடுத்து, வாயிலில் ஆசிரியர் நில்லாத ஒரு காலத்திற்கு வருவோம். கணினியும் இணையமும் பரவியபோது, முதன்முறையாக யாரும் எழுதலாம் என்னும் நிலை தோன்றியது. ஆனால் தமிழர்க்கு அங்கே வேறொரு வாயில் இருந்தது, அது குறிமுறை.

எட்டுத் துணுக்குக் குறிமுறையில் மொத்தம் 256 இடங்கள் உண்டு. அவற்றுள் முதற்பாதி ஆங்கிலத்துக்குப் போய்விடும். எஞ்சிய 128 இடங்களுக்குள் தமிழ் வடிவங்களை அடக்க வேண்டும். உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் ஓரிடம் தர இயலாது. எனவே கொம்பு, கால் முதலியவற்றைத் தனித்துண்டுகளாக வைத்தனர். எத்துண்டை எவ்விடத்தில் வைப்பது என்பதில் எழுத்துரு செய்வோர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழியில் சென்றனர். ஒருவர் 'அன்புடையீர்' என எழுதி அனுப்பினால், வேறு எழுத்துரு வைத்திருந்தவர்க்குப் பொருளற்ற குறிகளின் வரிசையே தெரிந்தது.

இச்சிக்கலைத் தீர்க்கும் முயற்சியில் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் பெரும்பங்கு உண்டு. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980களிலேயே 'முரசு' மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். பின்னர் அது 'முரசு அஞ்சல்' ஆக வளர்ந்தது. சிங்கப்பூரில் தேசிய கல்விக் கழகத்தின் விரிவுரையாளரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி 'கணியன்' முறையை உருவாக்கினார். சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளிலும் 1995ஆம் ஆண்டு இணையத்தில் ஏற்றப்பட்டபோது அவற்றுள் தமிழும் இடம்பெற்றதற்கு அவரது உழைப்பு காரணம். 1997 மே மாதம் தமிழ் இணையம் பற்றிய முதல் மாநாடு சிங்கப்பூரில் அவரது முயற்சியால் கூடியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த அடுத்த மாநாட்டில் 'தாம்', 'தாப்' குறிமுறைகளும் 'தமிழ்99' விசைப்பலகையும் ஏற்கப்பட்டன. அதே ஆண்டு மே மாதம் கோவிந்தசாமி காலமானார். 2000 ஜூலையில் சிங்கப்பூரில் கூடிய மாநாட்டில் 'உத்தமம்' என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் பிறந்தது.

தமிழ்99 விசைப்பலகையைப் பற்றி ஒரு சொல். அதில் ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவது தானே புள்ளி பெறும். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினத்தைத் தட்டினாலும் அவ்வாறே: ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. பள்ளியில் 'இனவெழுத்து' என நாம் கற்றதே இங்கே விரலுக்கு வேலையைக் குறைக்கிறது. இலக்கணம் எதற்கு என்று வினவும் மாணவர்க்கு இதனைச் செய்து காட்டலாம்.

ஒருங்குகுறி 1991ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு இடம் தந்திருந்தது. எனினும் அது பொதுமக்களின் கணினிகளில் இயல்பாக இயங்கப் பத்தாண்டுகளுக்கு மேலாயிற்று. அவ்விடைப்பட்ட காலத்தில் எழுதப்பட்டவை யாவும் இன்று வாசிக்கக் கிடைக்கின்றனவா? இல்லை என்பதற்கு நாமே சான்று. 1990களில் மூத்தோர் சிலரிடம் வானொலி, தொலைபேசி, மின்விசிறி ஆகியன தம் வீட்டுக்கு வந்த கதையைக் கேட்டு, அவர்கள் பேசியவாறே கணினியில் பதிந்து வைத்தோம். அந்நாளில் கையில் கிடைத்த ஓர் எழுத்துருவைப் பயன்படுத்தினோம். அதன் குறிமுறையைக் குறித்துவைக்கவில்லை. இன்று கோப்பு திறக்கிறது, தமிழ் தெரியவில்லை. ஒரு பகுதியை மட்டும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு மீட்டோம். பேசியவர்கள் இன்று இல்லை. தவறு நம்முடையதே. 1887இல் அச்சான இதழ் நூலகத்தில் வாசிக்கக் கிடைக்கிறது. நூறாண்டுக்குப் பின் எழுதிய கோப்பு கிடைக்கவில்லை.

எழுபதும் நூற்றறுபதும்

கைத்தொலைபேசி வந்தபின் தமிழர் பலர் ரோமன் எழுத்தில் தமிழை எழுதத் தொடங்கினர். இது சோம்பலின் விளைவு என்றும் மொழிப்பற்றின்மை என்றும் மேடைகளில் கண்டிக்கப்பட்டது. காரணத்தை ஆராய்வோம். குறுஞ்செய்தி ஒன்றில் ஆங்கில எழுத்தெனில் 160 குறிகள் அடங்கும். ஒருங்குகுறியில் தமிழெனில் 70 மட்டுமே. 'வணக்கம்' என்பதில் கண்ணுக்குத் தெரிவன ஐந்து எழுத்துகள். கணினி அதனை ஏழாக எண்ணும். இரு புள்ளிகளும் தனித்தனிக் குறிகள். ஆகவே செய்தி நீளமாயின், தமிழில் எழுதுவோர் அதே செய்திக்குக் கூடுதல் கட்டணம் செலுத்த நேர்ந்தது. பலருடைய தொலைபேசிகளில் தமிழ் எழுத்தே தெரியாது என்பது வேறு. 2005ஆம் ஆண்டு பொங்கலையொட்டிச் சிங்கப்பூரில் 'செல்லினம்' அறிமுகமானபோதுதான் கைத்தொலைபேசியில் தமிழில் எழுதும் வழி பொதுமக்களுக்குத் திறந்தது.

எனவே அன்று ரோமன் எழுத்தில் எழுதியவர் தமிழைக் கைவிட்டவர் அல்லர். எழுத்து கிட்டாத இடத்திலும் தமிழிலேயே கருத்துச் சொன்னவர். இன்றோ நிலை வேறு. திறன்பேசியில் தமிழ் இயல்பாக உள்ளது. கட்டணத் தடையும் இல்லை. இன்றும் ரோமன் எழுத்தே தொடருமாயின் அது பழக்கத்தின் விளைவு. பழக்கத்தை மாற்றுவது ஆசிரியரால் இயலும்.

வகுப்பறையில் என் செய்யலாம்

சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டு தமிழ்மொழிப் பாடத்திட்ட, கற்பித்தல் மறுஆய்வுக் குழு, தரமான பேச்சுத்தமிழை வகுப்பறையில் பயன்படுத்தப் பரிந்துரைத்தது. அது நல்ல தொடக்கம். எனினும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காட்டும் உண்மையை நாம் மறத்தலாகாது. சிங்கப்பூர்வாசிகளுள் வீட்டில் தமிழை மிகுதியாகப் பேசுவோர் 2010இல் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. பேச்சு குறையும் சமுதாயத்தில், பேச்சின் எழுத்துப்பதிவு ஒவ்வொன்றும் மதிப்புடையது. ஆகவே ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறோம்.

முதலாவது, மாணவர் தம் தாத்தா பாட்டியிடம் ஒரே ஒரு வினாவைக் கேட்கட்டும்: 'உங்கள் வீட்டுக்கு முதலில் வந்த மின்கருவி எது? அது வந்தபின் என்ன மாறியது?' விடையை அவர்கள் பேசியவாறே எழுதட்டும், திருத்த வேண்டா. பேசியவர் பிறந்த ஆண்டையும் ஊரையும் சேர்த்துக் குறிக்கட்டும்.

இரண்டாவது, அதே செய்தியை எழுத்து வழக்கில் மாற்றி எழுதட்டும். இரு வடிவங்களையும் அருகருகே வைத்தால், இரட்டை வழக்கு என்பது குறையன்று, இருவகைத் திறன் என்பது மாணவர்க்கே விளங்கும். எதை எங்கே பயன்படுத்துவது என்பதே கற்க வேண்டிய பாடம்.

மூன்றாவது, எழுதியவற்றை ஒருங்குகுறியில் பதிந்து, ஒரு படியை அச்சிட்டுப் பள்ளி நூலகத்தில் வைக்கட்டும். நம் கோப்புக்கு நேர்ந்தது அவர்களது கோப்புக்கு நேராதிருக்கட்டும்.

முடிவுரை

சிங்கப்பூரின் தமிழிலக்கிய நூல்கள் மின்வடிவாக்கப்பட்டு, 2015ஆம் ஆண்டு தேசிய நூலகத்திடம் ஒப்படைக்கப்பட்டன. தன்னார்வலரும் தேசிய நூலகமும் இணைந்து செய்த அரும்பணி அது. கதையும் கவிதையும் இவ்வாறு காக்கப்பட்டன. காப்பிக்கடையிலும் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்திலும் மக்கள் தம் காலத்துக் கருவிகளைப் பற்றிச் சொன்ன கருத்துகளுக்கு அத்தகைய காப்பு இன்னும் அமையவில்லை. பேச்சைப் புரிந்துகொள்ளும் கருவிகள் இன்று உருவாகி வருகின்றன. அவற்றுக்கு நம் வட்டாரத்துப் பேச்சுத்தமிழ் விளங்க வேண்டுமாயின், அப்பேச்சு முதலில் எங்கேனும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அதனை எழுதும் பணிக்குப் பெரும்புலமை தேவையில்லை. கேட்கும் பொறுமையும் கேட்டவாறே எழுதும் நேர்மையும் போதும். அவ்விரண்டும் மாணவரிடம் உண்டு. மூத்தோர் இருக்கும்போதே அவர்கள் தொடங்க வேண்டும் என்பதே நம் விருப்பம்.