வரி அளந்த பேரரசன்

புனித செபஸ்தியாரின் திருநாள் தோறும் தியோக்கிளேசியன் என்னும் பெயர் நம் ஆலயங்களில் ஒலிக்கிறது. மறைக்கலாபனை நடத்திய கொடுங்கோலன் என்ற அளவில் அவனை நாம் விட்டுவிடுகிறோம். அவன் ஒரு வரிச் சீர்திருத்தக்காரனும் ஆவான். அச்சீர்திருத்தம் அவன் ஓங்கிய வாளைவிட நெடுங்காலம் நிலைத்தது.

கி.பி. 284-இல் அவன் அரியணை ஏறியபோது உரோமைப் பேரரசு நொந்து கிடந்தது. முந்தைய ஐம்பது ஆண்டுகளில் இருபதுக்கும் மேற்பட்ட பேரரசர்கள். அவர்களுள் பெரும்பாலோர் கொலையுண்டு மாண்டவர்கள். வெள்ளி நாணயத்தில் வெள்ளி ஏறத்தாழ மறைந்துவிட்டிருந்தது. படை தனக்கு வேண்டிய தானியத்தையும் துணியையும் கண்ட இடத்தில் கவர்ந்து சென்றது. இதற்கு முடிவுகட்டவே நிலத்தை அளந்து, தரம் பிரித்து, நாட்டுப்புற மக்களைத் தலை எண்ணி, வரியை முன்னதாகவே அறிவிக்கும் முறை கொணரப்பட்டது. 297-இல் எகிப்தின் ஆளுநர் அரிஸ்தியுஸ் ஒப்தாத்துஸ் இதனை ஆணையாக வெளியிட்டார். அவ்வாணையின் படியொன்று கரானிஸ் என்னும் சிற்றூரில் வாழ்ந்த இசிதோர் என்ற உழவரின் பாப்பிரஸ் ஏடுகளிடையே கிடைத்துள்ளது. அவர் எழுத்தறியாதவர். எனினும் வரி ரசீதுகளையும், பிறரைக்கொண்டு எழுதுவித்த முறையீடுகளையும் பல ஆண்டுகள் சேர்த்து வைத்திருந்தார். படிக்கத் தெரியாத ஒருவர் ஏடுகளைப் பத்திரப்படுத்துவதற்கு அச்சத்தைத் தவிர வேறு காரணம் நமக்குத் தோன்றவில்லை.

முறை என்ற அளவில் அது பழையதைவிட நியாயமானதே. ஆனால் மொத்தத் தொகையை முடிவு செய்தது அரசின் தேவை. உழவனின் விளைச்சல் அன்று. அத்தேவையோ வளர்ந்துகொண்டே போயிற்று. 293 முதல் ஒரு பேரரசனுக்குப் பதில் நால்வர் ஆண்டனர். நால்வருக்கும் தனித்தனி அவையும் படையும் வேண்டியிருந்தன. மாநிலங்கள் துண்டாடப்பட்டு ஏறத்தாழ நூறாயின. ஆளுநர்களும் எழுத்தர்களும் தண்டலர்களும் அதற்கேற்பப் பெருகினர். 301-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களுக்கும் கூலிகளுக்கும் உச்ச விலை விதித்து, மீறியோருக்கு மரண தண்டனை என்றான் பேரரசன். விலை அடங்கவில்லை.

வரி கொடுப்போரைவிட வரியால் பிழைப்போர் மிகுந்துவிட்டனர் என்றும், கைவிடப்பட்ட வயல்கள் காடாயின என்றும் கிறிஸ்தவ எழுத்தாளர் லக்தான்சியுஸ் எழுதிவைத்தார். நம்மவர் என்பதற்காக அவரை அப்படியே நம்பிவிடலாகாது. மறைக்கலாபனையின்போது நிக்கொமேதியாவில் தம் ஆசிரியப் பணியை இழந்தவர் அவர். அக்காலப் பேரரசின் அலுவலர்கள் முப்பதாயிரத்தையொட்டியே இருந்திருப்பர் என ஆய்வாளர் கணிக்கின்றனர். மக்களோ பல கோடி. படைவீரரைச் சேர்த்து எண்ணினாலும் அவர் கூற்று மிகையே. ஆயினும் பாரம் ஏறியது என்பதில் அவர் பொய் சொல்லவில்லை.

அப்பாரத்தின் விளைவை வேறொரு பேரரசனின் சட்டத்தில் காண்கிறோம். தலை எண்ணி வரி விதித்தால், எண்ணிய தலை இடம் பெயரலாகாது. 332-இல் கொன்ஸ்தாந்தீன், ஓடிப்போன குத்தகை உழவரை அவர்தம் நிலத்திற்கே திருப்பி அனுப்பவும், ஓட எண்ணுவோரை விலங்கிடவும் இடமளித்தான். திருச்சபைக்கு விடுதலை தந்த அதே கொன்ஸ்தாந்தீன்தான்!

நகரங்களில் துன்பம் வேறு வடிவில் வந்தது. வரியில் குறைவு நேர்ந்தால் நகர்மன்ற உறுப்பினர் தம் சொந்த உடைமையிலிருந்து ஈடுகட்ட வேண்டும். எனவே அவர்கள் தப்பும் வழி தேடினர். கொன்ஸ்தாந்தீன் நம் குருக்களுக்குப் பொதுச் சுமைகளிலிருந்து விலக்களித்திருந்தான். செல்வர் பலர் திடீரென இறையழைத்தலை உணரலாயினர்! சில ஆண்டுகளிலேயே, இறந்த குருவின் இடத்திற்கு மட்டுமே புதியவரைச் சேர்க்க வேண்டும், அவரும் சிறிதளவே சொத்துள்ளவராயிருக்க வேண்டும் என்று பேரரசன் சட்டம் இயற்ற நேர்ந்தது. வந்தவர்களுள் பீடத்தை நாடியவர் யார், தண்டலுக்கு அஞ்சியவர் யார் என ஆயர்கள் எவ்வாறு பிரித்தறிந்தனரோ! விலக்குப் பெற்ற ஒவ்வொருவரின் பங்கும் மன்றத்தில் எஞ்சியிருந்தோர்மேல் விழுந்தது. அவர்கள் அதைக் குத்தகை உழவனிடம் தண்டினர். அவனுக்கோ நிலத்தை விட்டு நகரவும் உரிமையில்லை.