மூன்றாவது காந்தாரம்

கீபோர்டு படிக்க என்னிடம் வருகிற பிள்ளைகள் முதலில் ஏதாவது சினிமாப் பாட்டு கேட்பார்கள். அடுத்தது, அநேகமாக, மாரியோ. அதை எழுதியவர் யார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. கோஜி கொண்டோ. 2023-இல் அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் அந்தப் பாட்டைச் சேர்த்தது. வீடியோ கேம் இசை அந்தப் பட்டியலுக்குள் போனது அதுதான் முதல் தடவை. என்னைக் கேட்டால் இன்னும் முன்பே சேர்த்திருக்க வேண்டும்.

கொண்டோ 1961-இல் நகோயாவில் பிறந்தவர். சின்ன வயதிலேயே மின் ஆர்கன் கற்றார். பிறகு ஜாஸும் ராக்கும் வாசிக்கிற குழுவில் இருந்தார். ஒசாகா கலைப் பல்கலைக்கழகத்தில் படிப்பு முடியும் சமயம் நின்டென்டோ என்ற வீடியோ கேம் நிறுவனம் ஆள் தேடுவது தெரிந்து விண்ணப்பித்தார். 1984-இல் கியோட்டோவில் வேலை. அதுவரை கேமுக்குச் சத்தம் போடுவது பெரும்பாலும் மின்னணுப் பொறியாளர்கள் பார்த்த வேலை. இசை தெரிந்த ஒருவரை இசைக்கென்றே எடுத்தது அங்கே புதிது.

அவர் கையில் கிடைத்த வாத்தியம் ஃபாமிகாம், 1983-இல் வந்த நின்டென்டோவின் விளையாட்டுப் பெட்டி. சூப்பர் மாரியோ பிரதர்ஸ் பாட்டுக்கு அதில் நான்கே குரல்: சதுர அலை இரண்டு, பாஸுக்கு முக்கோண அலை ஒன்று, தாளத்துக்கு வெறும் இரைச்சல். ஒரு குரலில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான். படம், நிரல், பாட்டு எல்லாம் சேர்ந்து மொத்த விளையாட்டே 40 கிலோபைட். போதாததற்கு, மாரியோ குதிக்கிற சத்தமும் காசு எடுக்கிற சத்தமும் இதே குரல்களைத்தான் பிடுங்கிக்கொள்ளும். அந்த நொடி பாட்டின் ஒரு குரல் வாயடைத்துவிட்டு, சத்தம் முடிந்ததும் நடுவில் வந்து சேர்ந்துகொள்ளும். காதைத் தீட்டிக் கேட்டால் பிடிபடும். பாட்டு அறுந்ததாகத் தோன்றாது, ஏனென்றால் மிச்சக் குரல்கள் தாளத்தை விடுவதில்லை.

முதலில் அவர் போட்ட மெட்டு வேறு. சாவகாசமாக உலாத்துகிற மெட்டு. விளையாட்டின் முன்மாதிரியோடு வைத்துப் பார்த்தால் மாரியோவின் ஓட்டத்துக்கும் குதிப்புக்கும் ஒட்டவில்லை. தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எழுதினார். அப்படி வந்ததுதான் உலகம் முணுமுணுக்கிற இந்தப் பாட்டு, 1985 செப்டம்பரில்.

அதன் வாயிலை மட்டும் பாருங்கள். ‘க க க ஸ க ப’. எட்டு அரைத்தட்டு எண்ணினால் 1, 2, 4, 6, 7-இல் சுரம். 3, 5, 8 மௌனம். பஞ்சமம் அடுத்த சுற்றின் முதல் தட்டில். மூன்றாவது காந்தாரம் தட்டின் மேல் உட்காராமல் இரண்டு தட்டுக்கு நடுவே விழுகிறது. பிள்ளைகள் இங்கேதான் இடறுவார்கள். மௌனத்தை விழுங்கிவிட்டு அதைத் தட்டின் மேல் கொண்டுவந்து வைப்பார்கள். சுரம் எல்லாம் சரியாக இருக்கும், மாரியோ நின்றுவிடுவான்.

அதே விளையாட்டில் தண்ணீருக்கடியில் நடக்கும் கட்டத்துக்கு மூன்று தட்டு வால்ட்ஸ், அங்கே நீந்தத்தான் முடியும், ஓட முடியாது. மிச்ச நேரம் 100-க்கு இறங்கினால் அதே பாட்டு வேகம் பிடிக்கும். விளையாடுகிறவன் விரல் என்ன செய்கிறதோ அதற்குப் பக்கத்திலேயே இசை இருக்க வேண்டும் என்பதில் கொண்டோ கடைசிவரை இறங்கி வரவில்லை. தொண்ணூறுகளில் நம் ஊரில் டிவியில் செருகி விளையாடிய கேசட் வீடியோ கேம்களில் பல ஃபாமிகாமின் நகல்கள்தான். பெட்டி மட்டமாக இருந்தாலும் பாட்டு விரலை விட்டுப் பிரியவில்லை. மதுரையில் நான் கேட்டது அப்படித்தான்.

1986 பிப்ரவரியில் செல்டா என்ற விளையாட்டு. தலைப்புப் பாட்டுக்கு ராவெல்லின் பொலேரோவை வைத்திருந்தார்கள். பதிப்புரிமைக் காலம் இன்னும் தீரவில்லை என்று கடைசி நேரத்தில் தெரிந்ததும், கொண்டோ தன் பயணப் பாட்டையே எடுத்து ஒரே இரவில் தலைப்புப் பாட்டாக மாற்றினார். அந்த அவசரம் நல்லதுக்கே. பொலேரோ வந்திருந்தால் செல்டாவுக்கென்று ஒரு முகம் இருந்திருக்காது.

1996-இல் மாரியோ 64. கடல் கட்டத்தில், கரையில் நிற்கும்வரை கீபோர்டு மட்டும் கேட்கும். நீரில் மூழ்கினால் தந்தி வாத்தியங்கள் சேரும், குகைக்குள் புகுந்தால் தாளமும். பாட்டு ஒன்றுதான், ஆள் எங்கே இருக்கிறான் என்பதைப் பார்த்து அது ஆடை மாற்றுகிறது.

1998-இல் வந்த செல்டா விளையாட்டான ஒக்காரினா ஆஃப் டைமில் வாத்தியத்தையே விளையாடுபவன் கையில் கொடுத்துவிட்டார்கள். கன்ட்ரோலரின் ஐந்து பட்டன், ஐந்து சுரம். கீழ் ஸட்ஜம், சின்ன காந்தாரம், பஞ்சமம், பெரிய தைவதம், மேல் ஸட்ஜம். இதற்குள் அவர் ஒரு டஜன் மெட்டு எழுதினார். மழையை வரவழைக்க ஒன்று, பகலை இரவாக்க ஒன்று, குதிரையைக் கூப்பிட ஒன்று. குதிரைப் பாட்டுக்கு மூன்றே சுரம், இருமுறை. பட்டன்களை அந்த வரிசையில் அழுத்தினால் குதிரை ஓடி வரும்.