பலன்ஸிய்யாவின் நீர்மன்றம்

ஸ்பெயின் நாட்டின் கீழ்க்கரையில், தூரியா ஆறு மத்தியதரைக் கடலைச் சேரும் இடத்தில் வலென்சியா நகரம் அமைந்துள்ளது. அரபியர் அதனைப் பலன்ஸிய்யா என வழங்கினர். அந்நகரப் பேராலயத்தின் வாயில்களுள் ஒன்று அப்போஸ்தலர் வாயில். வியாழக்கிழமைதோறும் நண்பகல் மணி பன்னிரண்டு அடிக்கையில், அவ்வாயிலின் முன்னே, வெட்டவெளியில் ஒரு நீதிமன்றம் கூடுகின்றது. இரும்பு வேலியிட்ட சிறு வட்டத்தினுள், தோல் தைத்த நாற்காலிகளில், கறுப்பு அங்கி அணிந்தோர் வந்தமர்வர். அவர்களே நீதிபதிகள். சட்டப் பட்டம் அவர்களுக்கு வேண்டுவதில்லை. தம் நிலத்தைத் தாமே பயிரிடும் உழவராய் இருத்தலே தகுதி.

தூரியாவிலிருந்து பிரியும் எட்டு வாய்க்கால்களின் பாசனக்காரர்கள் தமக்குள் தேர்ந்தெடுத்த தலைவர்கள் இவர்கள். மன்றச் சேவகர், மடைப் பலகையைத் தூக்கும் கொக்கியைக் கையிலேந்தி நின்று, குவார்ட் முதலாக ஒவ்வொரு வாய்க்காலின் பெயரையும் சொல்லி, அதில் குற்றஞ்சாட்டப்பட்டவர் உளரோ என்று அழைப்பார். முறை தவறி மடை திறந்தவர், வாய்க்காலைத் தூர்வாராது விட்டவர், மிகுநீரைப் பக்கத்து வயலில் பாயவிட்டு நாற்றைக் கெடுத்தவர் முதலானோர் முன்வந்து நிற்பர். வழக்கறிஞருக்கு இங்கு இடமில்லை. வழக்கு முழுவதும் வாய்மொழியாகவே நடைபெறும். பேசும் முறை யாருக்கு என்பதைத் தலைவர் தம் காலால் சுட்டுவார். குற்றஞ்சாட்டப்பட்டவரின் வாய்க்கால் தலைவர் தீர்ப்பில் கலந்துகொள்வதில்லை. அவர் ஆற்றின் வலக்கரையினர் ஆயின், இடக்கரைத் தலைவர்களே தீர்ப்பை முன்மொழிவர். சார்புக்கு இடமின்றி நீதி வழங்க இதைவிட எளிய ஏற்பாடு வேறு என்ன இருக்க முடியும்? தீர்ப்பு அப்பொழுதே சொல்லப்படும். அதற்கு மேல்முறையீடு கிடையாது.

கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மானின் ஆட்சியில், 960ஆம் ஆண்டில், இம்மன்றம் நிறுவப்பட்டதென மரபு கூறும். அதன்படி 1960இல் ஆயிரமாண்டு விழாவும் எடுத்தனர். நம்மவர் இதனைப் படித்து மகிழ்வது இயல்பே. ஆயினும் 960 என்பதற்கு அக்காலத்து ஆவணம் ஏதுமில்லை. பழைய மஸ்ஜித் இருந்த இடத்தில் பேராலயம் எழுந்தமையால், உள்ளே புக இயலாத முஸ்லிம் உழவர்களின் பொருட்டே மன்றம் வாசலில் கூடிற்று என்பதும், ஜும்ஆவை முன்னிட்டே வியாழன் குறிக்கப்பட்டது என்பதும் செவிவழிச் செய்திகளே. பெருமைக்காக ஆதாரமற்றதைப் பற்றிக்கொள்ள வேண்டிய தேவை நமக்கில்லை. உறுதியான சான்றே போதுமான அளவு இருக்கின்றது.

1238இல் அரகான் மன்னர் ஜைமே நகரைக் கைப்பற்றினார். முற்றுகையின்போது உதவி வேண்டித் தூனிஸ் சென்று கவிதையால் முறையிட்ட இப்னுல் அப்பாரின் வரலாற்றை இலக்கிய அன்பர்கள் அறிவர். அந்த உதவி நகரைக் காக்கவில்லை. ஆனால் வென்ற மன்னர், அரச வாய்க்கால் ஒன்று நீங்கலாக, மற்ற வாய்க்கால்களைக் குடிகளுக்கே வழங்கி, முஸ்லிம்களின் காலத்தில் நிலவிய வழக்கப்படியே நீரைப் பயன்கொள்க என்று 1239இல் சாசனம் அளித்தார். போரில் வென்றவர் தோற்றவரின் வாய்க்கால் வழக்கத்திற்குச் சாசனத்தில் இடமளித்திருக்கின்றார்! மொழியும் அதற்குச் சான்று பகரும். வாய்க்காலுக்கு அவர்கள் இன்றும் சொல்லும் அஸேக்கியா நம் அரபியின் அஸ்ஸாகியாவே. ஆற்றின் குறுக்கே கட்டும் அணைக்கு அஸூத், அதாவது அஸ்ஸுத்து. நீர்முறையைக் குறிக்கும் தூலா என்பது தௌலா. பெனிமக்லேத், பெனிகலாப் என்று பனூ குலப்பெயர் தாங்கிய இடங்கள் இன்னும் இருக்கின்றன.

மதம் மாறிற்று, மொழி மாறிற்று, முடியாட்சி போய்க் குடியாட்சியும் சர்வாதிகாரமும் வந்து சென்றன. இம்மன்றம் மட்டும் நிலைத்தது எங்ஙனம்? பழமை என்பதால் மட்டும் எதுவும் பிழைப்பதில்லை. நீரைப் பயன்கொள்வோரே விதி வகுத்து, தம்முள் ஒருவரைத் தேர்ந்து, காவலரையும் அமர்த்தினர். முறை வந்தவர் வீணாக்காத வரையில் வேண்டிய நீரைப் பாய்ச்சலாம். முறையைத் தவறவிட்டவரோ சுற்று மீண்டும் வரும்வரை காத்திருக்க வேண்டும். அடுத்து நிற்பவரின் கண் தம்மீது இருப்பதை ஒவ்வொருவரும் அறிவர். வலென்சியாவில் நீர் நிலத்தோடு பிணைந்தது; தனியே விற்க முடியாது. தெற்கேயுள்ள அலிகாந்தேயில் நீருரிமை நிலத்தினின்று பிரிந்து விலைப்பொருளானது.

பொதுச்சொத்து பாழாகியே தீரும் என்று 1968இல் காரெட் ஹார்டின் எழுதியபோது உலகம் தலையசைத்தது. அரசு கையிலெடுக்க வேண்டும், அல்லது தனியாருக்குப் பிரித்துத் தர வேண்டும் என்பதே பலரும் கொண்ட முடிவு. எலினார் ஆஸ்ட்ரம் என்னும் அமெரிக்க அறிஞர், வலென்சியாவையும் சான்றாகக் காட்டி, மூன்றாவது வழியும் உண்டென 1990இல் நிறுவினார். 2009இல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில் யுனெஸ்கோ இம்மன்றத்தை மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக ஏற்றது.

நம் நாட்டு வரலாற்றுக்கும் இதற்கும் ஒரு தொடர்பு உண்டு. இந்தியப் பாசனத்திற்குப் பயன்படுமென்று கிளெமென்ட்ஸ் மார்க்கம் கீழை ஸ்பெயினின் பாசனத்தை ஆராய்ந்து 1867இல் அறிக்கை அளித்தார். அடுத்த ஆண்டில் பொறியாளர் ஸ்காட் மான்கிரீஃபின் அறிக்கையும் வந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, ஏரி கால்வாய்களைக் குடிகள் கூடிப் பேணிய குடிமராமத்தை, சென்னை அரசு 1858ஆம் ஆண்டுச் சட்டத்தால் கட்டாய வேலையாக்கியிருந்தது. உழைப்பு குடிகளுடையது, அதிகாரம் அதிகாரிகளுடையது என்றாயிற்று. கடல் கடந்து சென்று கண்டும், அதிகாரத்தைக் குடிகளிடமே விடுதல் என்னும் ஒன்றை மட்டும் அவ்வரசு கொண்டுவரவில்லை என்பதே என் கருத்து.

1978ஆம் ஆண்டு அரசியல் சட்டம் மரபுவழி மன்றங்களுக்கு இடமளித்தது. 1985ஆம் ஆண்டு நீதித்துறைச் சட்டம் வலென்சியா நீர்மன்றத்தைப் பெயர் சொல்லியே ஏற்றது. சட்டத்தால் அதற்கு இன்று ஆபத்தில்லை. ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வந்துள்ளது. நகரம் பெருகி, சாலையும் கட்டடமும் வயல்களை விழுங்கிவிட்டன. நகரின் ஊடே ஓடிய ரொவேலா வாய்க்காலின் பாசன நிலம் பெரும்பாலும் மறைந்துபோயிற்று. எஞ்சிய வயல்வெளியைக் காக்க 2018இல் தனிச்சட்டம் இயற்றினர். ஆயினும் எட்டுப் பெயர்களும் அழைக்கப்பட்டு, எவரும் முன்வராமல், சில நிமிடங்களில் மன்றம் கலைந்துவிடும் வியாழக்கிழமைகளே பல. சூழ்ந்து நிற்போரில் உழவரைக் காட்டிலும் வேடிக்கை பார்க்க வந்த பயணிகளே மிகுதி.