ஜொகூரா, சொகூரா?

தீபகற்ப மலேசியாவின் தென்கோடி மாநிலமான ஜொகூரின் பெயர், மணியைக் குறிக்கும் ‘ஜவ்ஹர்’ என்னும் அரபுச் சொல்லினின்று வந்தது என்பர். தமிழர் அதனை ஜொகூர், ஜோகூர் என இருவகையாக எழுதுவர். கிரந்தம் விலக்குவோர் நெறிப்படி அது சொகூர் என்றாகும்.

1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த கலைக்களஞ்சியத்தில், பெ. தூரன் தலைமையிலான பதிப்புக் குழு இத்தகைய ஐயங்களை முடித்துவைத்தது. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவிலோ எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம். ஆதலின் கிரந்தப் பூசல் ஆங்கு நெடிது நிகழ்ந்தது. ஒருவர் திருத்தியதை மற்றவர் அழித்துக்கொண்டே இருப்பின் கட்டுரை எங்ஙனம் வளரும்?

இதற்கெனக் கட்டுரைதோறும் பேச்சுப் பக்கம் உண்டு. பொதுவழக்குகளை ஆராய ‘ஆலமரத்தடி’ உண்டு. வாக்கெண்ணிக்கையினும் சான்றுக்கும் இணக்கத்திற்குமே ஆங்கு மதிப்பு மிகுதி. ஒரு வடிவம் தலைப்பாகும். ஏனையவை வழிமாற்றாகி அதனிடமே சேர்க்கும். பழைய திருத்தங்களும் வரலாற்றுப் பக்கத்தில் நிற்கும்.

வடசொல்லைத் தமிழெழுத்தால் எழுதுக என்றார் தொல்காப்பியர். அரபு வழிவந்த ஊர்ப்பெயருக்கும் அவ்விதி செல்லுமா என்பதே வினா. செல்லும் என்பார்க்கு மொழித்தூய்மை கருத்து. செல்லாது என்பார்க்கு ஒலியும் வழக்கும் கருத்து. இரண்டும் தமிழ்ப்பற்றே.

எனினும் ஜொகூர்த் தமிழ் மாணவன் தன் ஊரைத் தேடுங்கால் தான் அறிந்த பெயரில் காணல் வேண்டும். ஆதலின் தலைப்பு அவ்வூரார் வழக்கைத் தழுவுக. மறுவடிவம் வழிமாற்றாக நிற்க. எதிர்வாதத்தை அழியாது காத்து முடிவு காண்பதே அறிவுடையோர் மன்றத்திற்கு அழகு.