கம்பி–வைஃபை மாற்றிணைப்பு (மடிக்கணினி)

மடிக்கணினியில் ஈதர்நெட் கம்பி கழன்றால் வைஃபையும், மீண்டும் செருகினால் கம்பியும் தானாகப் பொறுப்பேற்கும் ஏற்பாடு. லினக்ஸில் இதற்கு இரண்டு வழிகள் உள்ளன.

எளியது, வழித்தட முன்னுரிமை. நெட்வொர்க்மேனேஜர் கம்பிக்கு 100, வைஃபைக்கு 600 என்ற மதிப்பைத் தானே இடுகிறது. சிறிய எண் முந்தும். ஆனால் இரண்டுக்கும் ஐபி முகவரி வேறு. ஆகவே மாறும்போது எஸ்எஸ்எச் அமர்வும் நடந்துகொண்டிருக்கும் பதிவிறக்கமும் அறுந்துபோகலாம். இணையம் பார்க்க மட்டுமே என்றால் இதுவே போதும்.

அறுபடக் கூடாதென்றால் பாண்டிங் வேண்டும். கெர்னலின் பாண்டிங் இயக்கி இரு நெட்வொர்க் அட்டைகளையும் ஒரே ஐபி கொண்ட ஒற்றை இடைமுகமாகக் காட்டுகிறது. ‘ஆக்டிவ்-பேக்கப்’ முறையில் (எண் 1) ஒரு நேரத்தில் ஒன்றுதான் இயங்கும். கம்பியை ‘பிரைமரி’ ஆக்கி, இணைப்பை 100 மில்லிநொடிக்கொரு முறை சோதிக்கச் சொல்வது வழக்கம். இரண்டும் ஒரே உள்வலையில், பெரும்பாலும் ஒரே ரவுட்டரில், இருந்தாக வேண்டும்.

சிக்கல் பெரும்பாலும் மேக் முகவரியில்தான் வரும். பாண்டிங் இயல்பாக இரு அட்டைகளுக்கும் ஒரே மேக் முகவரியைத் தருகிறது. சில வைஃபை அட்டைகள் அதை ஏற்பதில்லை. அங்கே ‘ஃபெயில்-ஓவர்-மேக்’ அமைப்பை ‘ஆக்டிவ்’ என்று வைத்தால், இயங்கும் அட்டையின் முகவரியையே பாண்ட் எடுத்துக்கொள்ளும். மாற்றத்தை ஏஆர்பி அறிவிப்பு மற்றக் கருவிகளுக்குச் சொல்லும். வைஃபை கடவுச்சொல் வேலையை டபிள்யூபிஏ-சப்ளிகன்ட் தனியே கவனிக்கிறது.

பாண்டிங்கின் இணைப்புச் சோதனை கம்பியின் மறுமுனை வரைதான் பார்க்கும். ரவுட்டருக்கு அப்பால் இணையம் நின்றால் மாற்றம் நிகழாது.