காதோரம் குவிந்த கைகள்

2022 டிசம்பர் 9. கத்தாரின் லுசைல் அரங்கில் உலகக் கோப்பைக் காலிறுதி. 73ஆவது நிமிடத்தில் மெஸ்ஸி பெனால்டியை கோலாக்கினார். நெதர்லாந்துக்கு எதிராக அர்ஜென்டினா 2-0. கோல் போட்டால் வானத்தை நோக்கி விரல் உயர்த்துவதுதான் அவர் வழக்கம். அன்று நேரே நெதர்லாந்தின் பெஞ்சுக்கு எதிரே போய் நின்றார். இரு உள்ளங்கைகளையும் காதுகளுக்குப் பின்னால் குவித்து வைத்துக்கொண்டு, பயிற்சியாளர் லூயி வான் ஹால் இருந்த பக்கம் பார்த்தார்.

அந்தக் கணத்திலிருந்து ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். வான் ஹாலுக்கு 71 வயது, புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துவருவதை அந்த ஆண்டுதான் வெளியே சொல்லியிருந்தார், அவர் முன்னால் போய் இப்படிச் செய்வதா என்று ஒரு தரப்பு கொதித்தது. எதிரணியிடம் பந்து இருக்கும்போது மெஸ்ஸி ஆட்டத்தில் அவ்வளவாகப் பங்கெடுப்பதில்லை, அதுதான் எங்களுக்கு வாய்ப்பு என்று ஆட்டத்துக்கு முன்பே பேசியவர் வான் ஹால்தானே, வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டார் என்றது இன்னொரு தரப்பு. யார் பக்கம் நியாயம் என்று சொல்வதற்கு முன்னால், அந்தச் சைகை யாருடையது, எங்கே பிறந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அது மெஸ்ஸியுடையது அல்ல.

அது பிறந்த நாள் 2001 ஏப்ரல் 8. இடம் புவனோஸ் ஐரிஸ் நகரின் லா போகா பகுதியில் இருக்கும் போகா ஜூனியர்ஸ் கிளப்பின் மைதானம். லா போம்போனேரா என்று உலகமே அறிந்த அந்த மைதானத்தில் மூன்று பக்கமும் பார்வையாளர் வரிசைகள் செங்குத்தாக எழும்பி நிற்கும். நான்காவது பக்கம் மட்டும் தட்டையான சுவர் போல, மாடம் மாடமாக இருக்கும். கிளப்பின் பெரிய மனிதர்கள் உட்காரும் பக்கம் அதுதான். அன்று எதிரணி ரிவர் பிளேட். அர்ஜென்டினாவில் இந்த இரண்டு கிளப்புகளும் மோதும் நாளில் ஊரில் வேறு பேச்சே இருக்காது.

போகாவின் பத்தாம் எண் ஆட்டக்காரர் ஹுவான் ரோமன் ரிக்கெல்மேவுக்கு அப்போது 22 வயது. புவனோஸ் ஐரிஸின் புறநகரில், பிள்ளைகள் நிறைந்த ஏழைக் குடும்பத்தில் வளர்ந்தவர். அதற்கு முந்தைய ஆண்டுதான் போகா தென்னமெரிக்காவின் லிபர்டடோரஸ் கோப்பையை வென்றிருந்தது. நவம்பரில் டோக்கியோவில் ரியல் மாட்ரிட்டை 2-1 என வீழ்த்தியது. போகாவின் பலேர்மோ அடித்த இரண்டாவது கோல், ரிக்கெல்மே பாதி மைதானம் தாண்டி அனுப்பிய ஒரு நீண்ட பாஸில் வந்தது. அந்த ஆட்டத்தில் பந்தை அவரிடமிருந்து பிடுங்க மாட்ரிட்டின் நட்சத்திரங்கள் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். இவ்வளவுக்குப் பிறகும் ஒப்பந்தத்தில் தன் உழைப்புக்கு ஏற்ற ஊதியம் இல்லை என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கிளப்பின் தலைவர் மௌரிசியோ மக்ரி இசையவில்லை. பெரும் பணக்காரத் தொழிலதிபர் வீட்டுப் பிள்ளை அவர். பிற்காலத்தில் அர்ஜென்டினாவின் ஜனாதிபதியாகவே ஆனவர்.

ரிவருக்கு எதிராக போகா முன்னணியில் இருந்தபோது பெனால்டி கிடைத்தது. ரிக்கெல்மே உதைத்தார். ரிவரின் கோல் கீப்பர் கோஸ்தன்சோ தடுத்துவிட்டார். எகிறி வந்த பந்து ரிக்கெல்மேவிடமே திரும்பியது, தலையால் முட்டி வலைக்குள் தள்ளினார். தவறவிட்டு மீட்ட கோல் என்பதால் அவர் ஆவேசம் இன்னும் கூடியிருக்க வேண்டும். கூட்டம் வெறிகொண்டு கத்திக்கொண்டிருந்த கோல் கம்பப் பக்கத்தை விட்டுவிட்டு, மைதானத்தின் நடுப்பகுதிக்கு ஓடினார். மாடங்களைப் பார்த்து நின்றார். இரு கைகளையும் காதுகளுக்குப் பின்னால் விரித்து வைத்தார். சிரிக்கவில்லை, குதிக்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. மக்ரி உட்காரும் மாடம் அந்தப் பக்கம்தான்.

ஆட்டம் 3-0 என முடிந்தது. அது என்ன சைகை என்று கேட்டவர்களிடம், என் மகளுக்கு தோப்போ ஜீஜோவைப் பிடிக்கும், அதற்காகத்தான் என்றார் ரிக்கெல்மே. தோப்போ ஜீஜோ இத்தாலியில் மரியா பெரேகோ 1958 வாக்கில் உருவாக்கிய பொம்மை எலி. பெரிய வட்டக் காதுகள். தொலைக்காட்சி வழியாக லத்தீன் அமெரிக்கப் பிள்ளைகளுக்கும் செல்லமானது. அந்தப் பதிலை யாரும் நம்பவில்லை, ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது. இன்றுவரை அந்தக் கொண்டாட்டத்துக்கு தோப்போ ஜீஜோ என்றே பெயர்.

சம்பளம் கேட்ட தொழிலாளி, ஊரே பார்க்க முதலாளியிடம், இவர்கள் என் பெயரைச் சொல்லிக் கத்துவது உனக்குக் கேட்கிறதா என்று கேட்டது அது. எந்த எதிரணி வீரனும் அதனால் புண்படவில்லை. ரிவர் பிளேட்டை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இதைக் கண்ணியக் குறைவு என்று என்னால் சொல்ல முடியாது. கேட்டுக் கேட்டும் இசைவு வராதவனுக்குக் கிடைத்த ஒரே மேடை அது.

2002இல் ரிக்கெல்மே பார்சிலோனாவுக்குப் போனார். அங்கே பயிற்சியாளராக இருந்தவர் இதே வான் ஹால். இவரை நான் கேட்கவில்லை, இது அரசியலுக்காக எடுத்த ஆள் என்று வெளிப்படையாகவே சொன்னார். நடுக்களத்தில் ஆட்டத்தை நடத்தப் பிறந்தவரை ஓரத்தில் நிறுத்தினார், பல நாள் பெஞ்சில் உட்கார வைத்தார். ஒரே ஆண்டில் ரிக்கெல்மே வில்லாரியலுக்கு இரவலாகப் போய்ச் சேர்ந்தார். வில்லாரியலை அவர் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதிவரை அழைத்துப்போனதும், ஆர்சனலுக்கு எதிரான கடைசி நிமிடப் பெனால்டியைத் தவறவிட்டதும் தனிக் கதை.

மெஸ்ஸி பிறந்த தேதியும் ரிக்கெல்மே பிறந்த தேதியும் ஒன்றே, ஜூன் 24. ஒன்பது ஆண்டு இடைவெளி. 2006 உலகக் கோப்பையிலும், தங்கம் வென்ற 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கிலும் இருவரும் சேர்ந்து ஆடியவர்கள். அந்த அண்ணனின் சைகையை, அவரை ஓரங்கட்டிய பயிற்சியாளரின் முன்னால் போய் மெஸ்ஸி செய்தபோது அர்ஜென்டினாக்காரர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

தூண்டும் விதமாகவோ கேலி செய்யும் விதமாகவோ கொண்டாடினால் மஞ்சள் அட்டை காட்டலாம் என்று கால்பந்து விதி சொல்கிறது. நடுவர் அதற்காக அட்டையை எடுக்கவில்லை. அன்று செய்தது தனக்கே பிடிக்கவில்லை, அந்த நேரத்தின் வேகத்தில் வந்துவிட்டது என்று மெஸ்ஸி சில வாரங்கள் கழித்து ஒரு பேட்டியில் சொன்னார். ஆனால் அந்த இரவில் நான் குறை சொல்ல நினைப்பது அவரை அல்ல. வான் ஹால் அதிகாரத்தில் இருந்தவர், பேசியவர், பதிலை வாங்கிக்கொள்ளும் வலு உள்ளவர்.

குறை அதற்குப் பிந்தைய காட்சியில் இருக்கிறது. நெதர்லாந்தின் வெக்ஹோர்ஸ்ட் இரண்டு கோல் போட்டு ஆட்டத்தைச் சமன் செய்தார். பெனால்டி ஷூட்அவுட்டில் அர்ஜென்டினா 4-3 என வென்றது. லௌதாரோ மார்ட்டினெஸ் கடைசி உதையை வலைக்குள் அனுப்பியதும், கொண்டாட ஓடிய அர்ஜென்டினா வீரர்களில் சிலர், நொறுங்கி நின்ற நெதர்லாந்து வீரர்கள் பக்கம் திரும்பினார்கள். ஒட்டமெண்டி அவர்களைப் பார்த்து அதே போலக் காதுகளில் கை வைத்தார். எங்கள் ஆள் ஒவ்வொருவரும் உதைக்கப் போகும்போது அவர்களில் ஒருவர் வந்து சீண்டினார் என்று பிறகு காரணம் சொன்னார். சீண்டல் நடந்தது உண்மைதான். இருந்தாலும் வாழ்நாள் கனவை அந்த நொடியில் இழந்து நிற்பவன் முகத்துக்கு நேரே செய்யும்போது அந்தச் சைகை வெறும் ஏளனம். மேலே இருப்பவனை நோக்கிப் பிறந்ததை, கீழே விழுந்தவன்மேல் எறிந்தது அது.

2023 டிசம்பரில் போகா ஜூனியர்ஸின் தலைவர் பதவிக்குத் தேர்தல் நடந்தது. ரிக்கெல்மே நின்றார். எதிரணியில் துணைத் தலைவர் பதவிக்கு நின்றவர் மக்ரி. ரிக்கெல்மே பெரும் வித்தியாசத்தில் வென்றார். சம்பளம் போதவில்லை என்று போகாவின் இளைஞன் ஒருவன் நாளை கோல் போட்டுவிட்டு, தலைவரின் மாடத்தைப் பார்த்துக் காதுகளில் கை வைத்தால், அதை அவமரியாதை என்று சொல்லும் உரிமை ரிக்கெல்மேவுக்கு இல்லை.